தாய்மாமன் என்று மைக்கில் கூப்பிடும்போது

அன்புள்ள என் அப்பா,

இதை யாருக்கும் காட்ட வேண்டாம். அங்கே உங்களோடு யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனாலும் காட்ட வேண்டாம். உங்களைத் தவிர வேறு யாராவது இந்தத் தாள்களைக் கையில் எடுத்திருந்தால், கெஞ்சிக் கேட்கிறேன், இந்த வரியோடு நிறுத்திவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

அம்மாவால் தமிழ் வாசிக்க முடியாது. அதனால் தமிழில் எழுதுவது பாதுகாப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். பாதிப் பக்கம் எழுதியபிறகுதான் உறைத்தது, தேவி மாமி இன்றிரவு எங்கள் வீட்டு முன்னறையில் படுத்திருக்கிறார். உங்கள் அக்காவைப் பற்றி உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? கடையில் சேலை சுற்றிவரும் பழைய பேப்பரைக்கூட விரித்து வாசித்துவிட்டுத்தான் குப்பையில் போடுவார். அதனால் அந்தப் பாதிப் பக்கத்தைக் கிழித்து ஜன்னலால் எறிந்தேன். இப்போது போர்வைக்குள் டோர்ச் பிடித்துக்கொண்டு மறுபடி எழுதுகிறேன். எழுதாமல் படுக்க முடியவில்லை.

அப்பா, நான் பெரியபிள்ளையாகிவிட்டேன். உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் பாரிசில், இந்த லா சப்பலில், உங்களைத் தவிர எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இலையுதிர் காலத்தில், பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வகுப்பில் இருக்கும்போது நடந்தது. அம்மா வேலை செய்யும் பார்மசியில் சொல்லிவிட்டு வந்து கூட்டிப்போனார். வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் செய்தது என்ன தெரியுமா? தேவி மாமிக்குப் போன் எடுத்தார். “இது நடந்தால் முதலில் அக்காவுக்குத் தெரிய வேண்டும் என்று உன் அப்பா சொல்லியிருந்தார்” என்றார் பிரெஞ்சில். எப்போது சொன்னீர்கள்? ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அந்தக் குளிர்காலத்திலா? நான் சின்னப்பிள்ளையாகக் கட்டில் ஓரத்தில் இருந்து படம் கீறிக்கொண்டிருக்கும்போதே இதையெல்லாம் யோசித்தீர்களா?

மாமி தன் சேலைக்கடையை அப்படியே விட்டுவிட்டு ரூ காய் தெருவிலிருந்து ஓடிவந்தார். ஒரு பையில் நல்லெண்ணெய், உழுத்தம்மா, முட்டை. முட்டையைப் பச்சையாகக் குவளையில் உடைத்து ஊற்றியதும் அம்மா குறுக்கே வந்து நின்றுவிட்டார்.

“தேவி, பச்சை முட்டையா? வயிற்றில் கிருமி போனால்?”

“உனக்குப் பார்மசியிலை எல்லாம் கிருமிதான்,” என்றார் மாமி. பிறகு தன் பிரெஞ்சில் ஏதோ சொல்லப் பார்த்து, முடியாமல் என்னிடம் திரும்பினார். “கொம்மாட்டைச் சொல்லு, நாங்கள் எல்லாரும் குடிச்சுத்தான் வளந்தனாங்கள், ஒருத்தியும் சாகேல்லை எண்டு. நீ மூக்கைப் பொத்திக்கொண்டு குடி.”

நான் குடித்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அவராகவே ஒரு கதை சொன்னார். தன் ஊரான ஐவரி கோஸ்டில் அவருடைய பெரியம்மா பெரியபிள்ளையானபோது உடம்பெல்லாம் வெள்ளைக் களிமண் பூசி, மணி கட்டி, ஊரைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனார்களாம். நான் மொழிபெயர்த்தேன். மாமி வாயைப் பிளந்து கேட்டார். “பாத்தியே, அங்கையும் இருக்கு” என்றார். அன்று இரண்டு பேரும் ஒரே சோபாவில் இருந்து தேநீர் குடித்தார்கள். நீங்கள் போனபிறகு அவர்களை அப்படி நான் பார்த்ததில்லை.

பெரியபிள்ளையானதற்குச் செய்யும் சடங்கு, சாமத்தியவீடு, நாளைக்கு. ஒபர்வில்லியேயில் மண்டபம். பெரிய மேடை, பூ அலங்காரம், வீடியோக்காரர்கள், சாப்பாடு எல்லாம் மாமிதான் ஒழுங்கு செய்தார். “என்ரை தம்பி இருந்திருந்தா இதைவிடப் பெரிசாச் செய்திருப்பான்” என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறார். செய்திருப்பீர்களா அப்பா? எனக்கு உங்களைத் தெரிந்தவரை, ஒரு றெஸ்ரோறன்ட்டின் பின்னறையில் பத்துப்பேருக்குச் சோறு போட்டு முடித்திருப்பீர்கள்.

ஆனால் ஒரு விடயத்தில் நீங்கள் விட்டுக்கொடுத்திருக்க மாட்டீர்கள். அதைப்பற்றித்தான் இந்தக் கடிதம்.

குவாமே மாமாவைப் பற்றி.

அம்மாவின் ஒரே சகோதரன். வில்லியே லே பெல்லில் அதே வீட்டில்தான் இன்னும் இருக்கிறார், அதே பஸ்தான் ஓட்டுகிறார். நான் அவரைப் பிரெஞ்சில் ‘தொந்தோன்’ என்று கூப்பிடப்போக, “அவர் உனக்கு மாமா, மாமா எண்டு கூப்பிடு” என்று நீங்கள் என்னைத் திருத்தியது நினைவிருக்கிறதா? அவருடைய பல்கனியில் நீங்கள் இருவரும் பியர் வைத்துக்கொண்டு கதைப்பீர்கள். அவர்களுடைய இனத்தில் ஒரு பிள்ளைக்குத் தகப்பனைவிடத் தாயின் சகோதரன்தான் பொறுப்பு என்று அவர் சொல்வார். நீங்கள் மேசையில் அடித்துச் சிரிப்பீர்கள். “எங்களுக்கும் அப்பிடித்தானப்பா! பேந்தென்ன வித்தியாசம் எங்களுக்குள்ளை?” என்பீர்கள். பிறகு அதை அவருக்காகப் பிரெஞ்சில் சொல்வீர்கள். அவருக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்த தமிழ் இரண்டு சொல்தான். என்னைக் காட்டி ‘மருமகள்’. தன் நெஞ்சைத் தொட்டு ‘தாய்மாமன்’. “இவள் பெரியபிள்ளையாகும்போது நீதான் தேங்காய் உடைக்கவேண்டும், நீதான் முதல் தண்ணீர் வார்க்கவேண்டும்” என்றும் சொல்லிவைத்திருந்தீர்கள்.

அவர் மறக்கவில்லை அப்பா. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தை மாதத்திலிருந்து தேங்காய் உடைத்துப் பழகுகிறார். இணையத்தில் வீடியோ பார்த்து, கத்தியின் பின்பக்கத்தால் ஒரே அடியில் இரண்டு சரிபாதியாக விழவேண்டும் என்று கண்டுபிடித்திருக்கிறார். முதல் நாள் வீட்டுக்குள் அடித்ததில் கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்துவிட்டாராம். அதற்குப்பிறகு கார் நிறுத்தும் இடத்தில் நின்று பழகுகிறார். தன்னுடைய மனைவி தேங்காய்ச் சோறு, தேங்காய் மீன், தேங்காய் கேக் என்று செய்து களைத்துவிட்டார் என்று அம்மாவிடம் போனில் சொல்லிச் சிரிக்கிறார். பிறகு போனை என்னிடம் கொடுக்கச் சொல்வார். “நேற்று ஒன்று மூன்றாகப் போய்விட்டது, மருமகள். ஆனால் அது கெட்ட தேங்காய். என் பிழை இல்லை.”

வேட்டி வாங்கவும் தனியாகத்தான் போனார். மாமியின் கடைக்கல்ல, அது ஆச்சரியமாக இருக்கட்டும் என்று வேறு கடைக்கு. கடைக்காரர் பிரெஞ்சில் “மாறுவேடப் போட்டிக்கா, மிசியே?” என்று கேட்டாராம். குவாமே மாமா நெஞ்சில் கை வைத்து “தாய்மாமன்” என்றாராம். கடைக்காரர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு உள்ளே போய், அவிழாமல் ஒட்டிக்கொள்ளும் வேட்டியாக ஒன்று எடுத்துவந்து, கட்டியும் காட்டினாராம். இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார், அம்மாவும் சிரித்தார். நானும் சிரிப்பதுபோல் வாயை வைத்துக்கொண்டேன். அதற்கு முதல்நாள்தான் நான் மாமியின் கடையில் அதைக் கேட்டிருந்தேன்.

புதன்கிழமை பின்னேரம் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. சட்டை அளவு பார்க்க மாமியின் கடைக்குப் போனேன். உடுப்பு மாற்றும் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வெளியே வீடியோ எடுப்பவர் மாமியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அக்கா, மைக்கிலை சொல்லுறவருக்குப் பேர் குடுக்கோணும். தாய்மாமன் ஆர்?”

“சிவம்.”

“சிவமண்ணையோ? அவர் உங்கடை மனுசனெல்லே?”

“அதுக்கென்ன, அவரும் பிள்ளைக்கு மாமாதானே. தாய்மாமன் எண்டு சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கோ, அவர் வருவார்.”

“இல்லையக்கா, தாயின்ரை பக்கத்திலை ஒருத்தர் இருக்கிறாரெண்டு கேள்விப்பட்டன்…”

“தம்பி, உங்களுக்கு வீடியோ எடுக்கிற வேலையோ, விசாரணை செய்யிற வேலையோ?”

திரையை நான் விலக்கியபோது மாமி என்னைப் பார்த்தார். வீடியோக்காரர் போனபிறகு கதவை உள்ளால் பூட்டிவிட்டு என்னைத் துணிக்கட்டு மேல் இருத்தினார். சிவம் மாமா கல்லாவுக்குப் பின்னால் நின்று எதையோ மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததையே மறுபடி விரித்து மடித்தார்.

“கேள் பிள்ளை. நான் உனக்குக் கெடுதல் நினைப்பனே?”

“இல்லை மாமி.”

“அந்த மனுசன் நல்ல மனுசன். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. கொப்பர் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை ஒவ்வொரு நாளும் வேலை முடிஞ்சு வந்து பாத்தவர். ஆனா மண்டபம் நிறையச் சனம் வரும். தாய்மாமன் எண்டு கூப்பிட, ஒரு கறுவல் வேட்டியோடை மேடைக்கு ஏறினா என்ன நடக்கும் சொல்லு? போனிலை எடுத்து அண்டைக்கே உலகம் முழுக்க அனுப்பிச் சிரிப்பினம். அவரைப் பாத்துச் சிரிச்சாப் பரவாயில்லை, அவர் பேசாமல் போயிடுவார். உன்னைப் பாத்தெல்லே சிரிப்பினம்? நாளைக்கு உனக்கு ஒரு கலியாணம் எண்டு வரேக்கை இந்த வீடியோவைத்தான் போட்டுப் பாப்பினம்.”

“தேவி, எனக்கு இது சரியாப் படேல்லை,” என்றார் சிவம் மாமா.

“உங்களுக்கு எதுதான் சரியாப் பட்டது? சும்மா இருங்கோ.” மாமி என் கையைப் பிடித்தார். அவருடைய கை குளிர்ந்திருந்தது. “இஞ்சை பார். உன்னை எங்கடை பிள்ளையெண்டு எல்லாருக்கும் காட்டோணும் எண்டுதானே நான் இவ்வளவும் செய்யிறன். ஒருக்கா எல்லாரும் கண்ணாலை கண்டிட்டாப் பேந்து ஒருத்தரும் கதைக்கேலாது. தாய்மாமன் பிறநாட்டிலை இருக்கிற எத்தினை பிள்ளையளுக்கு வேறை ஆக்கள் நிண்டு செய்யினம்.”

“எனக்குத்தான் இஞ்சையே இருக்கிறாரே, மாமி.”

மாமி என் கையை விட்டுவிட்டு என் சட்டைத் தோளைச் சரிசெய்தார். “அவருக்குத் தமிழ் விளங்காது. மைக்கிலை சொல்லுறது தெரியாமலே சடங்கு முடிஞ்சிடும். பேந்து குடும்பப் படம் எடுக்கேக்கை முன்வரிசையிலை நிப்பாட்டுவம். கொம்மாட்டை இப்ப ஒண்டும் சொல்லாதை. சொன்னா எல்லாம் குழம்பும்” என்றார்.

அவருக்குத் தமிழ் விளங்காது. ஓம், விளங்காதுதான். அந்த மண்டபத்தில் மைக்கில் சொல்லப்போகிற ஆயிரம் சொல்லில் ஒரேயொரு சொல்தான் அவருக்கு விளங்கும். அதைக் கேட்டதும் அவர் எழும்புவார் அப்பா. வேட்டியைச் சரிசெய்துகொண்டு, சிரித்துக்கொண்டு, நாற்காலிகளுக்கு நடுவால் நடந்துவருவார். அப்போது சிவம் மாமா மேடையில் நின்றுகொண்டிருப்பார். நான் தலையில் முக்காட்டோடு, கையில் வெற்றிலையோடு, இரண்டு பேருக்கும் நடுவில்.

ஒவ்வொரு முறை கண்ணை மூடும்போதும் இதுதான் வருகிறது. ஒருமுறை அவர் பாதி வழியில் நின்றுவிடுகிறார். இன்னொரு முறை யாரோ அவருடைய தோளில் கை வைத்து இருத்துகிறார்கள். இன்னொரு முறை அவர் மேடைவரை வந்து, என் முகத்தைப் பார்த்து, எனக்கு முன்பே தெரியும் என்பதைக் கண்டுபிடிக்கிறார். அதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாமி அதைச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்துக்கு முன்னால், ஒரு மூச்சு விடும் நேரம், நிம்மதி வந்தது. அப்படியென்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்ற நிம்மதி. எனக்குள்ளே அது எங்கே இருந்தது? யார் கொண்டுவந்து வைத்தார்கள்? புதன்கிழமையிலிருந்து நான் என்னைப் பார்த்தே பயப்படுகிறேன்.

தமிழ்ப் பள்ளியில் எனக்குப் பின்னால் இருக்கும் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சொல்வதை நீங்கள் இருக்கும்போது நான் உங்களிடம் சொன்னதேயில்லை. “உவள் தேவாரம் பாடுறதைப் பாருங்கோடி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாத் தமிழ்ப்பிள்ளை மாதிரியே இருக்கு.” அதைப் பாராட்டென்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். ஒருமுறை என் தலைமயிருக்குள் பென்சிலைச் செருகி, விழுகிறதா என்று பந்தயம் கட்டினார்கள். விழவில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன்.

பள்ளிக்கூடத்தில் வேறு மாதிரி. மரியாம் என்று எனக்கு ஒரு சிநேகிதி இருக்கிறாள், அவளுடைய பெற்றோர் மாலியிலிருந்து வந்தவர்கள். நான் பாதி தமிழ் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். “கடைக்குள் போகும்போது அந்தக் காவலாளி உன் பாதியை விசாரித்துவிட்டா பையைத் திறக்கச் சொல்கிறான்? நீ கறுப்புப் பெண். அதை முழுசாகச் சொல்லப் பழகு. இல்லாவிட்டால் மற்றவர்கள் சொல்லும்போது வலிக்கும்.” அதே மரியாம்தான், நான் சாமத்தியவீட்டுக்கு வரச்சொன்னபோது, “உன் இந்துத் திருவிழாவுக்கா?” என்று கண்ணை உருட்டினாள். எனக்கு எங்கே போனாலும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போகலாமா என்று கேட்டுக்கொண்டு நிற்பதுபோல இருக்கிறது.

அம்மாவுக்கு இப்படி இருந்ததில்லையா அப்பா? உங்களிடமாவது சொன்னாரா? பார்மசியில் அம்மா வெள்ளைக் கோட்டோடு நிற்கும்போதும் சிலர் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, “வேறு யாராவது இருக்கிறார்களா?” என்று கேட்பார்கள். “இருக்கிறேன், மதாம்” என்பார் அம்மா. தோலை வெளுக்க வைக்கும் கிறீம் கேட்டு எங்கள் ஆட்களும் வருவார்கள், அம்மாவின் ஊர்ப் பெண்களும் வருவார்கள். எங்கள் கடைகள் உள்ள ரூ காயிலும் ஆபிரிக்கக் கடைகள் உள்ள ஷத்தோ தோவிலும் ஒரே கிறீம் விற்கிறார்கள், பெட்டியில் எழுத்து மட்டும் வேறு. “இரண்டு கூட்டமும் ஒருவரை ஒருவர் பார்த்து மூக்கைச் சுளிக்கும். பூசுவது மட்டும் ஒன்று” என்பார் அம்மா. கோபம் வரும்போது அவர் அடிக்கடி சொல்வது இது.

போன மாதம் முகப்பூச்சு ஒத்திகை பார்க்க ஒரு அக்கா வந்தார். அவருடைய பெட்டியில் என் நிறத்துக்கு எதுவும் இல்லை. “இதிலை ரெண்டைக் கலந்தா வடிவா எடுபடும்” என்று பூசினார். கண்ணாடியில் பார்த்தேன். சாம்பல் பூசிய சுரைக்காய் மாதிரி ஒரு முகம், அதற்குக் கீழே என் கழுத்து. அம்மா வந்தார், ஒன்றும் பேசாமல் தன் பெருவிரலால் என் கன்னத்தில் ஒரு கோடு இழுத்தார். பூச்சு கழன்று நான் வெளியே வந்தேன்.

“இவள்தான் என் மகள். நீங்கள் பூசியிருப்பது யாருடைய பிள்ளைக்கு?” என்றார். அடுத்த நாளே ஷத்தோ தோவில் அலைந்து சரியான நிறத்தில் வாங்கி வந்தார். தான் சேலை கட்டப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டார். தன் ஊர்த் துணியில்தான் தைத்திருக்கிறார். “சரி, கரையிலை எண்டாலும் கொஞ்சம் தங்க நூல் இருக்கே?” என்று கேட்டதோடு மாமி அடங்கிவிட்டார்.

அம்மா ஒரு சண்டையை வென்றுவிட்டுச் சந்தோஷமாக இருக்கிறார். பெரிய சண்டை ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

இன்று பகல் நடந்ததைக் கேளுங்கள். மேடையில் எனக்கு இடுப்புவரை தொங்கும் பூச்சடை வைக்கவேண்டுமாம். என்னுடைய தலையில் அது நிற்காது, மருந்து போட்டு மயிரை நேராக்கினால்தான் நிற்கும் என்று அந்த முகப்பூச்சு அக்கா சொல்லியிருந்தார். அம்மா மருந்துக்கு ஒப்பவில்லை. இன்று காலை என்னைத் தன் முழங்கால்களுக்கு நடுவில் இருத்தி, மண்டையோடு ஒட்டி வரிவரியாகப் பின்னினார். பிறகு வளைந்த ஊசியில் நூல் கோத்து, பொய்மயிரை அந்தப் பின்னல்களோடு தைக்கத் தொடங்கினார். மாமி பூச்சடையோடு பக்கத்தில் நின்று பார்த்தார்.

“உதென்ன, தலையிலை தையல்! இரத்தம் வராதே?”

“இவள் தலையில் இல்லை, பின்னலில்தான் தைக்கிறேன். நீயும் தைக்கிறவள்தானே, இந்தா.”

மாமி ஊசியை வாங்கினார். இருபது வருடமாகச் சட்டைக்குக் கொக்கி தைத்த கை, உடனே பிடித்துக்கொண்டது. “எடியே, இது சட்டை தைக்கிறதைவிடச் சுகமாக் கிடக்கு. சட்டையெண்டா போடுறவள் அளவு காணாது எண்டு கத்துவாள்” என்றார். நான் பிரெஞ்சில் சொன்னேன். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு திடீரென்று, “இவ்வளவு நேரம் வேலைசெய்து வைத்தபிறகு இதன்மேல் தண்ணீர் ஊற்றுவீர்களா?” என்று கேட்டார். “சும்மா கொஞ்சம்தான்” என்றார் மாமி. “என் தம்பிக்குச் சொல்லிவைக்கிறேன், மெதுவாக ஊற்றச் சொல்லி” என்றார் அம்மா.

என் தலைக்கு மேல் ஊசி நின்றது. மாமியின் விரல்கள் என் மண்டையில் அப்படியே இருந்தன. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது, மயிர் அவர் கையில். கொஞ்ச நேரம் கழித்து ஊசி மறுபடி நகர்ந்தது. தையல் முன்னையதைவிட இறுக்கமாக இருந்தது.

பின்னேரம் குவாமே மாமாவின் வேட்டியை அம்மா இஸ்திரி போட்டார். அவரிடம் விட்டால் சூட்டில் கருக்கிவிடுவார் என்று வாங்கி வைத்திருந்தார். காலையில் வந்து இங்கேயே கட்டிக்கொண்டு எங்களோடு வருவார். இஸ்திரிப் பெட்டியின் ஆவிக்கு நடுவில் அம்மா என்னைப் பார்த்து, “என்ன, பயமா?” என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். “எனக்கும் பயம்தான். எல்லோரும் என்னையே பார்ப்பார்கள். ஆனால் குவாமே நமக்குப் பக்கத்தில் நிற்பான்” என்றார்.

அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் அம்மா அந்த இடத்திலேயே வேட்டியை மடித்து வைத்துவிட்டு, நாளைக்கு யாரும் எங்கேயும் போகவில்லை என்று சொல்லியிருப்பார். அம்மா அப்படிப்பட்டவர், உங்களுக்குத் தெரியும். மாமி தன் பையை எடுத்துக்கொண்டு அழுதபடி போயிருப்பார், திரும்பி வந்திருக்கவே மாட்டார். அதற்குப்பிறகு எனக்கு யார் இருக்கிறார்கள், நான் தமிழில் பேச? என் மூக்கு உங்கள் மூக்கு என்று சொல்ல? நீங்கள் சின்ன வயதில் மாமரத்திலிருந்து விழுந்ததைச் சொல்ல? மாமி என்னை மறைக்கப் பார்க்கவில்லை அப்பா. என்னில் ஒரு பாதியைத்தான் மறைக்கப் பார்க்கிறார். அதையும் அன்பாகத்தான் செய்கிறார். அன்பாகச் செய்யும்போது எப்படிச் சண்டை பிடிப்பது? நீங்கள் எனக்கு அதைச் சொல்லித்தரவில்லையே.

நான் பிறந்தது உங்கள் ஊரில் போர் முடிந்த வருடம். மற்ற அப்பாமார் எல்லோரும் தெருவில் அழுதுகொண்டு நின்றபோது, நீங்கள் என்னையும் நெஞ்சில் கட்டிக்கொண்டு போய் அவர்களோடு நின்றீர்களாம். அம்மா சொல்லியிருக்கிறார். “ஆற்றை பிள்ளை?” என்று யாரோ உங்களைக் கேட்டார்களாம். அந்த நேரத்திலும், அந்தக் கூட்டத்துக்குள்ளும். “என்ரை” என்று மட்டும் சொன்னீர்களாம். உங்களுக்குப் பயமாக இருக்கவில்லையா? இல்லாவிட்டால் பயத்தோடுதான் சொன்னீர்களா?

நான் இவ்வளவு நேரம் மாமி சொன்னதையே திருப்பித் திருப்பி யோசித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் கண்ணால் கண்டுவிட்டால் பிறகு ஒருவரும் கதைக்க முடியாது என்றாரே. எழுதிக்கொண்டு வரும்போதுதான் தோன்றுகிறது, அது சரியாக இருக்கலாம். ஆனால் அவர்கள் காணப்போவது என்ன? தாய் இருக்கிறாள், தாய்க்குச் சகோதரன் இல்லை என்று ஒரு பொய்ப்பிள்ளையை. அந்தப் பிள்ளையை அவர்கள் ஏற்றுக்கொண்டால் எனக்கு என்ன? நான் வீட்டிலேயே இருந்ததுபோலத்தானே?

இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. தலை இழுக்கிறது, ஒரு பக்கமாகத்தான் படுக்க முடிகிறது. ஒரு கையில் டோர்ச் பிடித்து எழுதுவதால் எழுத்தெல்லாம் சரிகிறது, மன்னியுங்கள்.

ஆனால் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். காலையில் முகப்பூச்சு அக்கா வருவதற்கு முன்பு, குவாமே மாமா வந்து மணியடிப்பதற்கு முன்பு, மாமியிடம் சொல்வேன். அம்மாவிடம் போட்டுக்கொடுக்க மாட்டேன், மாமியின் முகத்தைப் பார்த்தே சொல்வேன். பிரெஞ்சில் இல்லை, தமிழில். தாய்மாமன் என்று கூப்பிட்டால் என் தாய்மாமன்தான் வருவார். வேறு யார் வந்து நின்றாலும் நான் தலையைக் குனிய மாட்டேன், அவர் கையால் ஒரு சொட்டுத் தண்ணீர் என்மேல் விழ விடமாட்டேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், வீடியோவில் நன்றாகவே விழட்டும். மாமி அழுதால் நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்வேன். ஆனால் சொன்னதை மாற்ற மாட்டேன். மாமி என்னை விட்டுப் போய்விட்டால் என்ன செய்வது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. அதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் அக்காதானே.

உங்கள் மகள்,
அம்மா அக்கிசி பெற்ற பிள்ளை,
குவாமே மாமாவின் மருமகள்,
மதுரா அயா

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

“பிள்ளை, என்ன வெளிச்சம் உள்ளுக்கை? இன்னும் நித்திரை கொள்ளேல்லையே? எனக்கும் கண் மூட ஏலாமல் கிடக்கு. கதவைத் திற.”

மாமிதான். அப்பா, விடியும்வரை காத்திருக்கப்போவதில்லை. திறக்கிறேன்.